மூக்கைச் சீரமைக்க முடிவெடுக்கும் முன்

மூக்கு அறுவைச் சிகிச்சையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் பலர் செல்போனை நீட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "பாருங்க டாக்டர், போட்டோல மூக்கு எவ்ளோ பெருசா தெரியுது." அந்தப் படம் பெரும்பாலும் அவர்களே கையை நீட்டி எடுத்த செல்ஃபி. அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 அங்குலத் தொலைவில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். முகத்தில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான், அதனால் அதுதான் பெருத்துத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்தத் திரிபு அநேகமாக இருக்காது. எனவே மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் யாரையாவது ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, தலையை நிமிர்த்தி மூக்குத்துளை தெரிய ஒன்று எனப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் குறை குறையாகவே தெரிந்தால் மேலே படியுங்கள்.

பிறகு, எது பிடிக்கவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். 'பக்கவாட்டில் பார்த்தால் மேடு தெரிகிறது', 'சிரித்தால் நுனி கீழே இறங்குகிறது', 'பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து கோணலாக இருக்கிறது' என்று சொல்ல முடிந்தால், முடியும் முடியாது என்று மருத்துவரும் தெளிவாகப் பதில் சொல்வார். 'எனக்குச் சொல்லத் தெரியல, அழகா ஆக்கணும்' என்பவருக்கு எந்த மூக்கைக் கொடுத்தாலும் திருப்தி வராது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்தவர் கண்ணுக்கே படாத ஒரு சிறு குறையை நினைத்து மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பார்கள், விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். இது ஒரு மனநலக் கோளாறு. மக்களில் நூற்றுக்கு இருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. அழகுச் சிகிச்சை தேடி வருபவர்களிடம் இன்னும் அதிகம். இதற்கு மருந்தும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. கத்தியால் இது தீராது. மூக்கு முடிந்ததும் கவலை தாடைக்கு நகரும். இப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், அல்லது அது நீங்களாகவே இருந்தால், மனநல மருத்துவரை முதலில் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்காக, எப்போது

நம் ஊரில் இந்த அறுவை பல நேரம் கல்யாணத்தோடு ஒட்டி வருகிறது. "வரன் பார்க்க ஆரம்பிச்சுட்டோம், அதுக்குள்ள முடிச்சிடலாமா" என்று அம்மாவோ அத்தையோ கேட்பார்கள். பெண் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்ணைத் தனியாகச் சில நிமிடம் பேசவிடாத மருத்துவரிடம் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முகம் அவளுடையது. 18 வயதானவருக்கு ஒப்புதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

வயதும் முக்கியம். மூக்கின் வளர்ச்சி பெண்களுக்கு 15, 16 வயதிலும் ஆண்களுக்கு 17-ஐ ஒட்டியும்தான் ஏறக்குறைய முடிகிறது. தோற்றத்துக்கான அறுவையை அதற்கு முன் செய்யக் கூடாது. மேல் வரம்பு என்று ஒன்றும் இல்லை, உடல்நிலைதான் அளவு.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது செய்துகொள்வது தவறான கணக்கு. கண்ணைச் சுற்றிய கறுப்பு நீலம் இரண்டு வாரத்தில் போய்விடும். ஆனால் நுனி வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும், தடித்த தோல் உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். ஆல்பத்தில் காலத்துக்கும் நிற்கப் போவது பாதி வீங்கிய மூக்காக இருக்கும். விசேஷத்துக்கு ஒரு வருடம் முன்பே செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் விசேஷம் முடிந்து செய்துகொள்ளுங்கள்.

முதல் ஆலோசனையில் நடக்க வேண்டியது

மருத்துவர் மூக்கை வெளியே மட்டும் பார்த்துவிட்டுத் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூக்கு முதலில் மூச்சுக்குழாயின் வாசல், முகத்துக்கு அழகு என்பது பிறகுதான். எங்கள் அறைகளில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

"என்னம்மா பண்ணணும்?"

"இந்த மேடு போகணும் சார். கொஞ்சம் சின்னதா இருந்தா போதும்."

"மூச்சு எப்படி இருக்கு? ஏதாவது ஒரு பக்கம் அடைக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

பக்கத்தில் அம்மா: "ராத்திரி வாயத் தொறந்துட்டுதான் தூங்குவா டாக்டர். காலையில தொண்ட வறண்டு போச்சுன்னு தண்ணி கேப்பா."

உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் மூக்கின் நடுச்சுவர் ஒரு பக்கம் வளைந்து, அந்தத் துளையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து அப்படியே மூச்சு விட்டவளுக்கு அதுதான் இயல்பு. குறை என்றே தெரியாது. இதைக் கவனிக்காமல் மேட்டை மட்டும் சீவினால் மேல்பக்கம் மூச்சுப்பாதை இன்னும் குறுகி, அழகான மூக்கோடு வாழ்நாள் அடைப்பும் வந்து சேரும். முன்பே கண்டுபிடித்தால் நடுச்சுவரையும் ஒரே அறுவையில் நேராக்கலாம். அங்கிருந்து எடுக்கும் குருத்தெலும்பே நுனிக்குத் தாங்கலாகவும் பயன்படும். ஆகவே மருத்துவரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள். கூடவே தூங்குகிறவர் ஒருவரை அழைத்துப் போனால் நல்லது; குறட்டை பற்றி அவருக்குத்தான் தெரியும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கும் பழக்கம் இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

நம்மில் பலருக்கு மூக்கு நுனியில் தோல் தடிமனாக, எண்ணெய்ப்பசையோடு இருக்கும். அடியில் இருக்கும் குருத்தெலும்பு மெலிதாக இருக்கும். இது அழகுக்குறை இல்லை, நம் உடல்வாகு. ஆனால் அறுவைக்கு இதன் விளைவு பெரிது. தடித்த தோல் உள்ளே செதுக்கிய நுணுக்கத்தை வெளியே காட்டாது. உள்ளே நிறைய வெட்டி எடுத்தால் தோல் அந்த அளவுக்குச் சுருங்காது. நுனி உருவமில்லாமல் உருண்டு நிற்கும். அதனால் இப்படிப்பட்ட மூக்குக்கு நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ, தேவைப்பட்டால் விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைத்து நுனியை நிமிர்த்துவதுதான் பெரும்பாலும் சரியான வழி. ஏதோ ஒரு நடிகையின் மெல்லிய மூக்கை உங்கள் முகத்தில் வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் படம் நீங்கள் விரும்புவதை மருத்துவர் புரிந்துகொள்வதற்கான கருவி. இறுதி முடிவு அப்படியே வரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

மூக்குத்துளையின் அகலத்தைக் குறைப்பதில் ஒரு மடங்கு கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கன்னத்தோடு மூக்கு சேரும் மடிப்பில் சிறு துண்டு எடுத்துத் தைப்பார்கள். அதிகமாக எடுத்துவிட்டால் திரும்பப் பெரிதாக்குவது மிகக் கடினம். 'இப்போதைக்குக் கொஞ்சம் எடுங்கள், தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தழும்பு பற்றிய கேள்விக்கு விடை உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. காது குத்திய இடம், தடுப்பூசி போட்ட தோள், பழைய தையல் ஆகியவற்றைக் காட்டுங்கள். குத்திய இடத்தில் சதை உருண்டையாக வளர்ந்திருந்தால் கீலாய்டு வளரும் உடம்பு என்று பொருள். மூக்கின் நுனியில் அது அரிதாகத்தான் வரும், ஆனால் காதின் பின்னாலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்கும் இடத்தில் வரலாம். மருத்துவர் எங்கே கீற வேண்டும் என்பதையே இந்தத் தகவல் மாற்றிவிடும்.

இப்போது பலரும் கேட்பது, அறுவையே வேண்டாம், ஊசியிலேயே மூக்கைச் சரி செய்துகொள்ளலாமா என்று. ஃபில்லர் ஊசியால் மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பி மேட்டை மறைக்கலாம். எதையும் குறைக்க முடியாது. மூக்கு அந்த ஊசிக்கு மிக ஆபத்தான இடங்களில் ஒன்று. மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கறுத்து அழுகலாம். அரிதாக, கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பார்வையே போகலாம், போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஹயலுரானிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மாற்று மருந்து உண்டு. அது ஊசி போடும் அறையிலேயே இருக்க வேண்டும். பியூட்டி பார்லரில் மூக்கில் ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது.

யார் செய்கிறார், எங்கே செய்கிறார்

இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து அதற்கு மேல் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவர். காது மூக்கு தொண்டை நிபுணர்களிலும் மூக்குச் சீரமைப்பில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் 'காஸ்மெடாலஜி' என்று மட்டும் இருந்தால் அது அறுவைப் பயிற்சிக்கு அடையாளம் ஆகாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் சரிபாருங்கள். 'ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா? இந்த அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்? என் மூக்கைப் போன்றவர்களின் படங்கள், ஓராண்டு கழித்து எடுத்தவை, காட்ட முடியுமா?' என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். அறுவை முடிந்த மறுவாரம் எடுத்த படமும், முன்பு ஒரு வெளிச்சம் பின்பு ஒரு வெளிச்சம் என்று எடுத்த படமும் கணக்கில் சேராது.

பண்டிகைச் சலுகை, 'இந்த வாரம் முன்பணம் கட்டினால் பாதி விலை' என்று வரும் விளம்பரங்களை நான் மனதார வெறுக்கிறேன். விளம்பரம் செய்து நோயாளிகளைத் திரட்டக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அவசரப்படுத்துகிற இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இடத்தைப் பற்றி: தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மருத்துவமனையும் கிளினிக்கும் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டியிருக்கும். முழு மயக்கத்தில் செய்வதாக இருந்தால் மயக்க மருந்து நிபுணர் யார் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள், அறுவைக்கு முன்பே அவரைச் சந்தியுங்கள். ஏதாவது தவறினால் ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதையும் கேளுங்கள். விபத்தாலோ பிறவிப் பிளவாலோ மூக்கு உருக்குலைந்தவர்கள் தனியார் இடங்களைத் தேடுமுன் சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

சாப்பிடும் மாத்திரைகளை வாயால் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது மேல். டிஸ்பிரின், ஈகோஸ்பிரின் இரண்டிலும் இருப்பது ஆஸ்பிரின். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் கடையில் வாங்கும் இபுபுரூஃபன் வகை மாத்திரைகளும் அப்படியே. தோல் பளபளப்புக்கு என்று போடும் வைட்டமின் இ, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், பூண்டு மாத்திரை ஆகியவையும் இரத்தக்கசிவைக் கூட்டலாம். இவற்றை ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ கிளோபிடோகிரெல்லோ சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்த இதய மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் கருத்தடை மாத்திரையையும் சொல்ல மறக்காதீர்கள்.

பலரும் மறைப்பது சிவப்பழகு கிரீமை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, புண் ஆறுவது தாமதமாகும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால் எப்போது நிறுத்தினீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள்.

புகைப்பவர்கள் அறுவைக்கு முன் குறைந்தது 4 வாரமும் பின் 4 வாரமும் முழுதாக நிறுத்த வேண்டும். நிகோடின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஏற்கெனவே விலக்கித் தைத்த தோலுக்கு வரும் கொஞ்ச இரத்தமும் நின்றால் தோல் கறுத்துவிடும். வாயில் அடக்கும் புகையிலை, ஹான்ஸ், நிகோடின் சூயிங்கம் எல்லாமே இதில் அடங்கும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரியைப் பரிசோதித்துக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி கேட்க வேண்டும்.

அறுவையன்று காலை பால் காபி கூடாது. திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்; வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். மூக்குத்தியை முந்தின நாளே கழற்றிவிடுங்கள்.

முதல் வாரமும் முதல் ஆண்டும்

வலியைவிட மக்களைக் கலங்கடிப்பது அடைப்புதான். உள்ளே பஞ்சோ சிலிக்கான் தகடோ வைத்திருந்தால் ஓரிரு நாளோ அதற்கு மேலோ வாயால்தான் மூச்சு. தொண்டை வறளும், தூக்கம் வராது, இரத்தம் கலந்த நீர் சொட்டும். இரண்டு மூன்று தலையணை வைத்து நிமிர்ந்து படுக்க வேண்டும். மேலே ஒட்டிய ஸ்ப்ளின்ட் என்ற தாங்குதகட்டை ஏழு நாள் அளவில் எடுப்பார்கள். அன்று கண்ணாடியில் பார்க்கும் மூக்கு வீங்கி, நுனி மேலே தூக்கி, பன்மடங்கு அகலமாகத் தெரியும். அழுகிறவர்கள் உண்டு. அது உங்கள் மூக்கு இல்லை, வீக்கம். முதல் சில வாரம் மனம் சோர்ந்துபோவது பலருக்கு நேர்கிறது, வீட்டில் உள்ளவர்களுக்கும் இதை முன்பே சொல்லி வையுங்கள். நுனி பல மாதம் மரத்தும் இருக்கும்.

மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கனம் தூக்குவதும் ஜிம்மும் நான்கு முதல் ஆறு வாரம் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அந்த வாரங்களில் அதன் எடை எலும்பில் படாதபடி நெற்றியில் டேப் வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கான்டாக்ட் லென்ஸ் ஏற்பாட்டை முன்பே செய்துவையுங்கள். முகம் மூடும் ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் அது மூக்கை உரசி இழுக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டச் சொல்லவில்லை. ஆறு வாரம் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.

உடனே போன் செய்ய வேண்டியவை சில உண்டு: சொட்டாமல் ஒழுகும் இரத்தம், காய்ச்சல், பார்வையில் மாற்றம், ஒரு துளையிலிருந்து நிற்காமல் வடியும் தெளிந்த நீர். இவற்றோடு, வலியும் அடைப்பும் நாளுக்கு நாள் கூடினாலும் பேசாமல் இருக்காதீர்கள். நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கலாம். அதை உடனே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு சிதைந்து மூக்கின் நடு பள்ளமாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், எடுப்பவர் யார் என்பதைத் தேதி வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூக்குச் சீரமைப்பில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. திறமையான கைகளிலும் இது உண்டு. ஓராண்டு முடிந்து வீக்கம் வடியும் முன் யாரும் மறுபடி கத்தி எடுக்கக் கூடாது.

பணமும் காகிதமும்

சொல்லும் தொகையில் தியேட்டர், மயக்க மருந்து, மருந்துகள், பின்தொடர் வருகைகள் அடக்கமா, மறு அறுவை வந்தால் யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பைத் தவிர, அழகுக்கான அறுவையை மருத்துவக் காப்பீடு விலக்கிவைக்கிறது. மூச்சுக்காக நடுச்சுவரைச் சரிசெய்யும் பகுதிக்குத் தனி பில் கேட்கலாம். முழு அறுவையையும் அப்படி எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்காதீர்கள், அது பொய்க் கணக்கு. மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் அழகு அறுவைக்குக் கிடையாது. பிறவிக் குறையையோ காயத்தின் சிதைவையோ சரிசெய்வதற்கு உண்டு.

ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் வேறொன்றுக்குச் செல்லாது, உயிரைக் காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. மூக்குக்குக் கையெழுத்துப் போட்டவரின் தாடையில் 'கூடவே நன்றாக இருக்குமே' என்று கை வைக்க முடியாது. உங்கள் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் வரி படிவத்தின் நடுவே இருந்தால், விருப்பமில்லாதபோது அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு நிற்காமல் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்குங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு குருத்தெலும்பு எடுத்தார்கள், எதை எங்கே வைத்துத் தைத்தார்கள், சிலிக்கான் ஏதாவது வைத்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பின்னாளில் வேறொருவர் திறக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் அவர்கள் அவற்றை வைத்திருக்கக் கட்டாயம் உள்ளது மூன்று ஆண்டுக்குத்தான். ஆகவே அந்த வாரத்திலேயே எழுத்தில் விண்ணப்பித்து வாங்கி, அறுவைக்கு முன் எடுத்த படங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.